‘நகருங்கோ’: திருவரங்கத்துத் தொண்டர் வழக்கில் மரியாதைப் பன்மை – ஒரு முன்னாய்வு

சம்பளம் வாங்குகிறவனை அதட்டி வேலை வாங்கலாம். கூலி கேட்காமல் தோள் கொடுக்க வந்தவரை என்ன சொல்லி வேலை வாங்குவது? திருவரங்கத்தில் ‘கைங்கரியம்’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். ஒருவர் பூத்தொடுப்பார், ஒருவர் கோஷ்டியில் பாசுரம் சேவிப்பார், ஒருவர் அடியார்களுக்கு உணவிடும் ததீயாராதனப் பந்தியில் பரிமாறுவார். 156 ஏக்கர், ஏழு பிராகாரம், 21 கோபுரம் என்று இந்தக் கோயிலை அறிஞர்கள் அளந்து முடித்துவிட்டார்கள். 1987இல் நிறைவடைந்த ராஜகோபுரம் 236 அடி என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். ‘செத்த நகருங்கோ’ என்ற தொடரை மட்டும் ஒருவரும் அளக்கவில்லை. ஆய்வுலகின் இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. (இடைவெளி இல்லாமல் முனைவர் பட்டம் கிடைக்காது. ஆகவே இல்லாத இடத்தில் தோண்டியாவது ஒன்றை உண்டாக்கி, பிறகு அதை நிரப்புவது துறை மரபு.)

ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் அன்றே கைகழுவிவிட்டார். தனியாக வந்த மாமாவை ‘வாங்கோ’ என்பது இலக்கணப்படி எண்ணிக்கைப் பிழை. ‘வா’ என்று திருத்திச் சொன்னால் அதைவிடப் பெரிய பிழை. ‘வழக்கு’ என்று தொல்காப்பியர் சொன்னது பேச்சு வழக்கை. காஞ்சிபுரத்தில் அதற்கு இன்னொரு பொருள் கண்டார்கள். வரதராஜப் பெருமாள் சன்னதியில் யார் எந்த வாழ்த்தைச் சொல்லிச் சேவிப்பது என்று வைணவத்தின் இரு பிரிவினரான வடகலையாரும் தென்கலையாரும் நீதிமன்றப் படியேறி நூறாண்டுக்கு மேலாகிறது. வாதிக்கும் பிரதிவாதிக்கும் விளிச்சொல் ஒன்றுதான்: ‘ஸ்வாமி’.

திருவரங்க மரியாதைக்கு இரண்டு கை. ஒன்று எதிரில் இருப்பவரை ஏற்றும். மற்றொன்று தன்னை இறக்கும். இறக்குவதில் முன்னோடி இங்கே நந்தவனம் வைத்துப் பூமாலை கட்டிய விப்ரநாராயணர். அவர் ஏற்ற பெயர் தொண்டரடிப்பொடி. தொண்டர், அவர் அடி, அடியில் ஒட்டிய பொடி; ஆக மூன்று படி. நம்மாழ்வாரோ திருவாய்மொழியில் அடியார்க்கு அடியார் என்று ஒரே மூச்சில் ஏழு படி இறங்கி, அதற்கும் கீழே போய் உட்காருகிறார். இதற்கு உரையெழுதியவர்கள் வேறு வகைப் படியில் ஏறினார்கள். ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, கடைசியாக ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படிக்கு 32 எழுத்து. இறங்க 7 படி, விளக்க 36,000 படி. (அந்த 36,000 திருவாய்மொழி முழுவதற்கும் உரியது, ஆய்வில் நேர்மை முக்கியம்.) இதைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை, வெளியிட்ட கட்டுரைகளின் எண்ணிக்கையைப் பெயருக்குப் பின்னால் தோரணம் கட்டும் பேராசிரியர்களுக்குக் கிடையாது.

இனி வகைப்பாடு.

‘ஸ்வாமி’: பெயர் மறந்துபோன எல்லோருக்கும்.

‘அடியேன்’: தன்மை ஒருமை. பாராட்டு வரும்போது வாக்கியத்தில் இருக்கும். சாத்தமுதில் (ரசத்தில்) உப்புக் கூடிவிட்டால் மறைந்து, அந்த இடத்தில் ‘யாரோ’ வரும்.

‘விடைகொள்கிறேன்’: இதைச் சொல்லிவிட்டு முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும்.

‘சார்’: காவிரிப் பாலம் தாண்டி வந்தது. மேலாய்வு தேவையில்லை.

‘தேவரீருக்குத் தெரியாததா?’: இங்கேதான் ஆய்வாளர் வேட்டியை மடித்துக் கட்ட வேண்டியிருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் இதைவிடப் பணிவான வாக்கியம் தமிழில் இல்லை. முன்னிலை உயர்வு, கேள்வியின் குழைவு, கேட்பவரின் ஞானத்துக்கு ஒரு கும்பிடு, எல்லாம் உண்டு. ஆனால் பந்தியில் நடப்பதைப் பாருங்கள். புதிதாக வந்த இளைஞர் ஒருவர் சாத்தமுதுக்கு முன்பே மோரை வாளியோடு தூக்கிவருகிறார். பழையவர் அவரை அதட்டவில்லை. ‘முதல்ல எது சாதிக்கணும்னு தேவரீருக்குத் தெரியாததா?’ அவ்வளவுதான். (சாதிப்பது இங்கே பரிமாறுவது. ரசத்தை இலையில் விடுவதும் ஒரு சாதனைதான்.) இளைஞர் வாளியோடு உக்கிராண அறைக்குத் திரும்புகிறார். அடுத்த ஆண்டுதான் வருகிறார்.

இதன் உட்பிரிவுகள் மூன்று. ‘தேவரீ’ நீண்டால் கண்டனம் (சான்று: சித்திரை வீதித் திண்ணை, இடப்பக்கத் தூண்). ‘தெரியாததா’ நீண்டால் ஏளனம் (மேற்படி திண்ணை, வலப்பக்கத் தூண், மாலை ஐந்தரை, காப்பிக்கு முன்). இரண்டும் நீளாமல் தட்டையாக வந்தால் இருவரும் இனிப் பேசிக்கொள்ளமாட்டார்கள் (மேற்படி, காப்பிக்குப் பின்; மூக்குப்பொடித் தும்மலால் கடைசி இரண்டு அசைகள் சிதைந்துள்ளன; எதிர்த் திண்ணைப் பாடம் வேறுபடும்; எதிர்த் திண்ணையை நம்புவதற்கில்லை என்பது இத்திண்ணையின் துணிபு). மரியாதை ஏற ஏறச் சூடும் ஏறும் என்பதே கண்டுபிடிப்பு. ‘ஏன்யா இப்படிப் பண்றே?’ என்றால் அன்றைக்கே சமாதானம் ஆகிவிடும்.

கூலியில்லாத இடத்தில் கூலி எது என்பதற்கு ‘அருளப்பாடு’ விடை சொல்கிறது. சன்னதியில் ‘அருளப்பாடு’ என்று உரியவரை உரக்க அழைப்பார்கள். அழைக்கப்பட்டவர் ‘நாயிந்தே’ என்று குரல்கொடுத்து முன்வந்து தீர்த்தமும் சடாரியும் பெறுவார். ஒரு கரண்டித் தீர்த்தம்தான். அதில் ஒருவர் முந்திவிட்டால் உண்டாகும் மனத்தாங்கல் காவிரி கொள்ளாது.

காவிரிக்குத் தென்கரையில் நிலைமை வேறு. மலைக்கோட்டைத் தலபுராணத்தில் பிரசவ வேதனையில் இருக்கிறாள் இரத்தினாவதி. தாய் வெள்ளத்துக்கு அக்கரையில் மாட்டிக்கொள்கிறாள். சிவபெருமான் தாயின் வடிவில் வந்து பேறு பார்க்கிறார். வந்தவர் பெயர்கூடச் சொல்லவில்லை. உண்மைத் தாய் வந்த பிறகுதான் விஷயம் வெளியாகிறது. இரத்தினாவதியை அவர் எப்படி விளித்தார் என்று புராணம் கவலைப்படவில்லை, இவ்வாய்வாளர் கவலைப்படுகிறார். பெற்ற தாய் மகளை ‘வாங்கோ’ என்றிருந்தால் வேடம் அங்கேயே கலைந்திருக்கும். ஆகவே ‘டி’ போட்டிருக்க வேண்டும் என்பது ஊகம்.

கள ஆய்வு திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி விடியலில் நடந்தது. திருப்பதியின் புகழ்பெற்ற ‘ஜருகண்டி’யும் மரியாதைப் பன்மைதான், தெலுங்கில் ‘அண்டி’ சேர்த்துத்தான் தள்ளுகிறார்கள். இங்கே ‘நகருங்கோ’. வாய் பன்மையில் பேச, உள்ளங்கை முதுகில் ஒருமையில் பேசும். உற்சவரான நம்பெருமாளைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்குவார் சிம்மகதியில் எழுந்தருளப்பண்ணிவர, பரமபதவாசல் பக்கம் கூட்டம் நெருக்கியது. கயிறு பிடித்திருந்த கல்லூரிப் பையன், ‘பாட்டி, செத்த நகருங்கோ’ என்றான். ‘எங்கேடா நகர்றது?’ என்றாள் கிழவி. பையன் சிரித்தபடி தான் அரையடி பின்வாங்கி அவளுக்கு இடம் விட்டான்.

அந்த ‘டா’ எந்த வகைப்பாட்டில் சேரும் என்று குறிக்கப் பென்சிலை எடுத்த ஆய்வாளர், எடுத்து முடிப்பதற்குள் கூட்டத்தோடு ஆயிரங்கால் மண்டபம் போய்ச் சேர்ந்திருந்தார். பென்சில் வாசலிலேயே தங்கிவிட்டது.