தானாக விளையும் நெல்

விவசாயி யார் என்ற சந்தேகம் 2019 பிப்ரவரியில் ஒருவழியாகத் தீர்ந்தது. கோரக்பூரில் பிரதமர் பி.எம். கிசான் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை. முதல் தகுதி, நிலம் உங்கள் பேரில் இருக்க வேண்டும். சேற்றில் இறங்குவது, நாற்றுப் பறிப்பது, முறைத்தண்ணீருக்காக நடுராத்திரியில் வாய்க்கால் கரையில் கிடப்பது எல்லாம் உடற்பயிற்சியில் சேர்த்தி.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் நிலம் யாருடையது என்று கேட்டுப் பாருங்கள். சாமியுடையது என்பார்கள், மடத்துடையது என்பார்கள், அல்லது மெட்ராஸ் போய்விட்ட ஐயாவுடையது என்பார்கள். பாடுபடுகிறவர் குத்தகைக்காரர். சாமிக்கு ஆதார் கிடையாது. நிலம் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குத் தொகை இல்லை என்று விதியே சொல்கிறது. ஐயா வருமான வரி கட்டினால் அவருக்கும் இல்லை. ஆக, ஒரு வேலி வயலில் சம்பா விளைந்து, கொள்முதல் நிலையம் போய், ரேஷன் அரிசியாகி ஊருக்கே சோறு போடுகிறது. திட்டத்தின் கணக்குப்படி அங்கே விவசாயியே இல்லை. தானாக விளையும் இந்த நெல்லுக்கு ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஒரு ரக எண் கொடுக்கலாம்.

நடவுக்கும் களையெடுப்புக்கும் போகும் பெண்களைக் கேட்கவே வேண்டாம். அவர்கள் கூலிகள்.

“குத்தகையைப் பதிந்துகொள்ள வேண்டியதுதானே?” என்பார் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பவர். சட்டத்துக்கா பஞ்சம்? 1952இல் தஞ்சைக்கென்றே ஒன்று, 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புக்கு ஒன்று, 1969இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற ஒன்று. பதிந்துவிட்டால் ஆளைக் கிளப்புவது கஷ்டம் என்று நிலக்காரருக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இங்கே பல குத்தகைகள் வாய்ப்பேச்சில் ஓடுகின்றன. பதிவு என்று வாயெடுத்தால் அடுத்த போகத்துக்கு வேறு ஆள். இத்தனையும் மீறிப் பதிந்தவருக்கு என்ன கிடைக்கும்? பி.எம். கிசான் கிடைக்காது. அது சொந்தக்காரருக்கு மட்டும்தான். நாளுக்குப் பதினாறு ரூபாய் சொச்சம், அதையும் மண்ணைத் தொடுகிறவனுக்குக் கொடுக்க மனசு வராத திட்டத்துக்கு விவசாயி பேரை வைக்கக் கூசவில்லையா?

மாநில அரசும் சளைத்ததல்ல. 2021இல் தேர்தலுக்கு முன்னால் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி தள்ளுபடி ஆனது. தள்ளுபடி ஆக முதலில் கடன் கிடைத்திருக்க வேண்டுமே! சிட்டாவும் அடங்கலும் காட்ட முடியாதவர் சங்கத்து வாசலிலிருந்து திரும்பி வட்டிக்காரரிடம் போயிருந்தார். வட்டிக்காரர் தேர்தலில் நிற்பதில்லை.

இவ்வளவு கறாரான பி.எம். கிசானில்தான், 2020இல், அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போய், தமிழ்நாட்டில் தகுதியே இல்லாத ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விவசாயிகளாக அவதரித்தார்கள். போனது 110 கோடி. பட்டா இல்லாதது அவர்களில் யாரையும் தடுக்கவில்லை. நம் குத்தகைக்காரர்கள் செய்த ஒரே பிழை, நிஜமாகவே நெல் பயிரிட்டது.