எதிர்காற்றும் ஒரு வெள்ளியும்

கேள்வி: விடிகாலையில் ஈ.சி.ஆரில் சைக்கிள் வீரர்கள் பறக்கிறார்கள். ஆசிய விளையாட்டில் சைக்கிளுக்கு நமக்குப் பதக்கம் உண்டா?
– உப்பளத் தொழிலாளி மகன், மரக்காணம்

பதில்: உண்டு தம்பி! 1951-ல் டெல்லியில் நடந்த முதல் போட்டியிலேயே 4,000 மீட்டர் அணி துரத்தலில் வெள்ளி. நாலு பேர் ஒட்டி ஒட்டி மிதிப்பார்கள். முன்னால் போகிறவர் காற்றை வாங்கிக்கொள்வார், களைத்ததும் ஓடுதளச் சரிவில் மேலேறி வழிவிட்டுக் கடைசியில் சேர்ந்துகொள்வார். மூன்றாமவர் கோட்டைத் தொடும் நேரம்தான் கணக்கு. ஆக, தனி ஆளாகப் பறந்தால் பருப்பு வேகாது. 1954 மணிலா போட்டியில் சைக்கிளையே சேர்க்கவில்லை. 1958-ல் டோக்கியோவில் திரும்பி வந்தது. தங்கம் மட்டும் இன்றுவரை நமக்கு எட்டவில்லை.

கடற்காற்றை எதிர்த்து உப்பள வரப்பில் மிதித்துப் பழகிய கால் உங்களுடையது. சென்னைக்கு அருகே மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் ஓடுதளம் இருக்கிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.