கிழட்டு பேஸுக்குப் பல்லு பிடிச்சுப் பாக்குறது

வாங்குடா மாப்ள, தாராளமா வாங்கு. மாமன் குறுக்க நின்னான்னு நாளைக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாது. 1962ஆம் வருசத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ் கிட்டார், முதல்ல வாங்குனவன் ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டுக் கட்டிலுக்கடியில தள்ளிட்டான், ஒரு கீறல் கிடையாது, விலைச்சீட்டு கூடப் பெட்டிக்குள்ளயே இருக்கு, 23,000 டாலர்னு நீ நியூ ஜெர்சியில இருந்து மூச்சு வாங்கச் சொன்னப்ப எனக்கே ஒரு நிமிசம் வேட்டி நழுவிப்போச்சு. நம்ம காசுக்குக் கிட்டத்தட்ட இருபது லட்சம். அறுபது வருசமா எவனும் வாசிக்காததுதான் அதோட பெருமைன்னும் சொன்ன. அந்தப் பெருமையை நீயும் கெடுத்துராத. உனக்கு அதுல பெரிய சிரமமும் இருக்காது. நீ முழுசா வாசிக்கிற பாட்டே நாலுதான். உங்க அத்தைகிட்ட மட்டும் விலையைச் சொல்லிராத, நான் வாலிபத்துல கிட்டார் வாங்குன கதையை முதல்ல இருந்து கிளறுவா.

பகல்ல மாட்டுத் தரகு, ராத்திரி திருவிழா மேடையில பேஸ் கிட்டார்னு பாதி ஆயுசை ஓட்டுனவன் நான். இளையராஜா பாட்டு எடுக்காத ஆர்கெஸ்ட்ரா அன்னைக்கு இந்தப் பக்கம் கிடையாது. பேஸ் இல்லாம ராஜா பாட்டு எடுத்துட்டுத் தப்பிச்ச ஆர்கெஸ்ட்ராவும் கிடையாது. முன்னாடி உக்காந்து வெத்தலை இடிக்கிற கிழவி கூட "என்னமோ கொறையுதேப்பா"ன்னு கேட்டுப்புடுவா. என் கையில இருந்தது கல்கத்தாவுல செஞ்ச கனத்த கட்டை ஒண்ணு. அதுக்குச் சரித்திரமும் இல்ல, பத்திரமும் இல்ல. ஆனா ஆயிரம் மாட்டுக்குப் பல்லு பிடிச்சுப் பாத்த கை இது. அதனால சொல்றேன், கேட்டுக்க.

அந்த பேஸை உண்டாக்குன லியோ ஃபெண்டர் யாருங்கற? கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்டன்னு ஒரு ஊர்ல ரேடியோ ரிப்பேர் பாத்தவரு. கிட்டார் வாசிக்கத் தெரியாது. அதுவரைக்கும் பேஸ்னா ஆள் ஒசர டபுள் பேஸ்தான். நட்டமா நிறுத்தி அணைச்சுப் பிடிக்கணும், வண்டியில ஏத்துனா பாதி எடத்தை அதுவே பிடிச்சுக்கிரும், டிரம்ஸும் டிரம்பெட்டும் கெளம்பிட்டா அது இருக்க எடமே தெரியாது. லியோ அதைத் தோள்ல மாட்டுற அளவுக்குச் சுருக்கி, கழுத்துல ஃப்ரெட்டுங்கற குறுக்குக் கம்பி பதிச்சு, சத்தத்தைப் பிடிக்கிற பிக்கப் வச்சு 1951ல பிரெசிஷன் பேஸ்னு எறக்குனாரு. சியாட்டில்ல பால் டட்மார்க்னு ஒருத்தரு 1930கள்லயே இதே வேலையைச் செஞ்சு பாத்தாரு, விலைபோகல. முந்திக்கிட்டவனுக்கு எங்கயும் அதே கதிதான். அப்புறம் 1960ல ஜாஸ் பேஸ் வந்துச்சு.

இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா, லியோ நெக்கை, அதான் கிட்டார்க் கழுத்தை, பாடியோட ஒட்டவே இல்ல. நாலு ஸ்க்ரூ போட்டு முடுக்குனாரு. வீணாப்போச்சா, கழட்டிப் போட்டுட்டு வேற நெக்கை மாட்டு, சாயங்காலம் கச்சேரிக்குப் போ. அம்புட்டுதான் ரிப்பேர்க்காரரு கணக்கு. அந்த ஸ்க்ரூவை எவனுமே தொடலைங்கறதுக்குத்தான் உன் வியாபாரி இருபது லட்சம் கேக்குறான்.

இப்ப ஒரு வேடிக்கை பண்ணுவோம். உன் வியாபாரி கையில ரெண்டு பேஸைக் குடுத்து விலை போடச் சொல்லுவோம். முதலாவது, டெட்ராய்ட்ல மோட்டவுன் கம்பெனிக்கு வாசிச்ச ஜேம்ஸ் ஜேமர்சனோட 1962 பிரெசிஷன். 'மை கேர்ள்' பாட்டு ஆரம்பிக்கிறது அவரு விரல்லதான். ஒரே விரல், ஆள்காட்டி விரல். லா பெல்லா கம்பெனி ஃப்ளாட்வௌண்ட் ஸ்ட்ரிங்கை மாட்டுனவரு, அறுந்தா ஒழிய மாத்துறதில்ல. அழுக்கு ஏற ஏறத்தான் நாதம்னு நெனைச்ச மனுசன். நாடே அந்தப் பாட்டுகளைப் பாடுச்சு, ரொம்ப காலத்துக்கு ரெக்கார்டு அட்டையில அவரு பேரு கூட வரல. உன் வியாபாரி அந்த பேஸைப் பாத்தான்னு வையி, ஸ்ட்ரிங்ல ஊறுன அழுக்கைப் பாத்து மூக்கைச் சுழிச்சு, 'பிளேயர் கிரேடு', அதாவது வாசிக்க மட்டுந்தான் ஆகும்னு சீட்டு எழுதி ஓரத்துல சாத்திருவான்.

ரெண்டாவது, ஃப்ளோரிடாவுல வளந்த ஜாக்கோ பாஸ்டோரியஸோட 1962 ஜாஸ் பேஸ். அட, உன்னோடது பிறந்த அதே வருசம்! ஃப்ரெட்டுகளே கிடையாது. பிடுங்குன பள்ளத்தைப் புட்டி வச்சு அடைச்சு, அது மேல படகுக்கு அடிக்கிற எபாக்ஸியைப் பூசி வச்சிருந்தாரு. அந்தக் கட்டையிலதான் வெதர் ரிப்போர்ட் குழுவுல வாசிச்சாரு. பேஸ் பாடும்னு ஊர் உலகத்துக்குத் தெரிஞ்சதே அதுக்கப்புறந்தான். உன் வியாபாரி என்ன சொல்லுவான்? "ஃப்ரெட் போச்சு, ஃபினிஷ் போச்சு, ஒரிஜினாலிட்டி போச்சு, பாதி விலை கூடத் தேறாது சார்." அவன் சொல்றது அவன் தொழிலுக்கு நியாயம். நீ கட்டிலுக்கடியில கெடந்ததையே வாங்கு. அதுல பெயின்ட்டு இருக்கு.

திருடனுக்கு மட்டும் இந்த கிரேடு எல்லாம் தெரியாது போல. 1983ல ஜேமர்சன் சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி அவரு பேஸ் களவு போச்சு. ஜாக்கோவோடது 1986ல நியூயார்க் பூங்காவுல காணாமப் போயி, இருபது வருசம் கழிச்சு அதே ஊர்ல ஒரு கடைக்காரர் கையில தலைகாட்டுச்சு. குடும்பத்துக்கும் கடைக்கும் வழக்குப் பேச்சாகி, கடைசியில மெட்டாலிகாவுல வாசிக்கிற ராபர்ட் ட்ரூஹியோ காசு போட்டு மீட்டாரு. பால் மெக்கார்ட்னி 1961ல ஹாம்பர்க்ல முப்பது பவுண்டு சுமாருக்கு வாங்குன ஹோஃப்னர் பேஸ் 1972ல திருடு போயி, ஏதோ ஒரு வீட்டுப் பரண்ல கெடந்து, அரை நூற்றாண்டு கழிச்சு அவருகிட்ட வந்து சேந்த சேதி 2024ல வந்துச்சு. அதனால உன் வியாபாரிகிட்ட முதல் கேள்வி விலை இல்ல. "இது யார்கிட்ட இருந்து யாருக்குக் கைமாறுச்சு, எழுத்து இருக்கா?" எழுத்து இல்லாத மாட்டை ஓட்டிட்டு வந்தவன் கூட நான் பேசுனதே இல்ல.

அடுத்தது பல்லு. கூச்சப்படாம நெக்கைக் கழட்டச் சொல்லு. அடிக்கட்டையில 1962ஆம் வருச வாக்குல இருந்து தேதி முத்திரை குத்தியிருப்பான், அதுக்கு முந்தி பென்சில்ல எழுதியிருப்பான். அப்புறம் வால்யூம் திருகுற பாட். அது முதுகுல ஒரு நம்பர் இருக்கும். 304ன்னு ஆரம்பிச்சா ஸ்டாக்போல் கம்பெனி, 137ன்னா சிடிஎஸ். அதுக்குப் பின்னால வருசம், வாரம். 304-6218ன்னு இருந்தா 1962ல பதினெட்டாவது வாரம் செஞ்ச பாட். ஆனா அது பாட்டோட வயசுதான், பேஸோட வயசு இல்ல. 1966ல ஃபெண்டர் கம்பெனி பாட்டை மூட்டை மூட்டையா வாங்கிக் குவிச்சு, வருசக்கணக்கா அதையே போட்டுத் தீத்துச்சு. இன்ன தேதிக்கு முந்தி பிறக்கலைன்னுதான் பாட் சொல்லும். இன்ன தேதியில பிறந்துச்சுன்னு சொல்லாது.

நெக்கை முடுக்குற தகட்டுல இருக்குற நம்பரை மட்டும் நம்பி மோசம் போகாத. அதை டப்பாவுல கைவிட்டுக் கிடைச்சதை எடுத்து மாட்டியிருக்கானுக. வரிசையும் கிடையாது, தகட்டை மாத்த நாலு ஸ்க்ரூ போதும். 1964 வரைக்கும் பெயின்ட் அடிச்சுக் காய வைக்கையில தாங்குறதுக்குப் பாடியில குட்டி ஆணி அடிப்பானுக. அந்த ஆணி ஓட்டை எங்க இருக்குன்னு தேடு, அதுக்குள்ள பெயின்ட் போயிருக்கான்னு பாரு. ஓட்டையைப் பெயின்ட் மூடியிருந்தா பின்னால எவனோ பூசியிருக்கான். அல்ட்ரா வயலட் டார்ச் அடி. பழைய நைட்ரோசெல்லுலோஸ் லேக்கர் மஞ்சளும் பச்சையுமா மினுங்கும், பின்னால தொட்ட இடம் வேற நெறத்துல காட்டிக் குடுத்துரும். மறுபடி பெயின்ட் அடிச்சதுன்னா விலை பாதின்னு அவனுக சந்தை வழக்கு. உள்ள சால்ட்ரிங் வச்ச இடம் ஒருத்தனும் தொடாம இருக்கணும். நீ பாக்குறேன்னு தொட்டுட்டா அன்னையோட அதுக்கும் விலை எறங்கிரும். பொண்ணு பாக்கப் போன எடத்துல கூட இம்புட்டுச் சோதனை நம்ம வீட்டாளுக பண்ணலடா.

அப்புறம் பாகத்துக்குத் தனி விலை. பிக்கப் மேல, பிரிட்ஜ் மேல ரெண்டு குரோம் மூடி வரும். வாசிக்கிறவனுக்கு அது எடைஞ்சல். பழைய ஆளுக அதைக் கழட்டி சிகரெட் சாம்பல் தட்டுனதுல 'ஆஷ்ட்ரே'ன்னே பேரு நின்னுபோச்சு. இன்னைக்கு அந்தச் சாம்பல் கிண்ணம் இல்லைன்னா முழுமை இல்லையாம், தேடிப்பிடிச்சுக் காசு குடுத்து வாங்குறானுக. வாங்கி, மாட்டி, போட்டோ எடுத்து, மறுபடி கழட்டிப் பெட்டியில வச்சுருவானுக.

நம்ம சந்தையில தரகன் என்ன செய்வான்? கிழட்டுக் காளைக்குக் கொம்பைச் சீவி, எண்ணெய் தேச்சு, இளசாக் காட்டுவான். அமெரிக்காக்காரன் அதுக்கும் மேல போயிட்டான் மாப்ள. 1995ல ஃபெண்டர் கம்பெனியே 'ரெலிக்'னு புதுக் கிட்டாரைச் சுரண்டி, நசுக்கி, துரு ஏத்தி, கிழடாக்கி விக்க ஆரம்பிச்சிருச்சு. புதுசை விட அது விலை கூட! இந்தப் பக்கம் பழசு கீறல் இல்லாம இருந்தா விலை கூட. அந்தப் பக்கம் புதுசு கீறலோட இருந்தா விலை கூட. வாசிச்சு வாசிச்சுத் தானா விழுந்த கீறலுக்குத்தான் நடுவுல எடமில்ல. இந்தக் கணக்கு உனக்குப் புரிஞ்சா எனக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லு.

'ப்ரீ-சிபிஎஸ்'னு அவன் ரெண்டு தடவை சொன்னான்னயே, அதுவும் இதுதான். 1965 ஜனவரியில லியோ தன் கம்பெனியை சிபிஎஸ்ங்கற பெரிய கம்பெனிக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வித்துட்டாரு. அதுக்கு முந்தி பிறந்ததெல்லாம் தேவலோகம், பிந்திப் பிறந்ததெல்லாம் சீமைக்கருவேலம்னு ரொம்ப நாள் பேசுனானுக. 1970கள்ல வந்த பேஸ் கல்லுக் கனம், நெக்குக்கு நாலு ஸ்க்ரூ இருந்த எடத்துல மூணு, ஜாயின்ட் ஆடுதுன்னு ஆயிரம் குத்தம். அப்படி ஒரு 1977 ஜாஸ் பேஸைத்தான் மார்கஸ் மில்லர் தோள்ல மாட்டுனாரு. அவரு கட்டைவிரல்ல தட்டுன தட்டுல கேட்டவன் எல்லாம் அதே மாதிரி தேடி அலைஞ்சான். இன்னைக்கு அந்தக் கல்லுக் கனமும் விண்டேஜ், அதுக்கும் பெட்டி, அதுக்கும் பத்திரம். 1982ல ஜப்பான்ல எறங்குன ஃபெண்டரும் ஸ்கொயரும் அன்னைக்கு விலை மலிவுச் சரக்கு. இப்ப 'ஜேவி'ன்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கான்னு கண்ணாடி போட்டுப் பாக்குறானுக. சந்தை எவனைக் கழிக்குதோ அவன்கிட்ட நின்னு வாங்குறவன்தான் தரகன். நீ சந்தை கொண்டாடுறதை வாங்கப் போற. போ, பெரிய மனுசன் நீ.

இன்னொரு சமாச்சாரம். பங்குனிப் பொங்கலுக்கு ஊருக்குக் கொண்டாந்து வாசிப்பேன்னு சொன்னியே, அதை மறந்துரு. அந்தக் காலத்து ஃபிங்கர்போர்டு பிரேசில் நாட்டு ரோஸ்வுட். 1992ல இருந்து அந்த மரத்தை எல்லை தாண்டி விக்கக் கூடாதுன்னு உலக ஒப்பந்தத்துல முதல் பட்டியல்ல வச்சுட்டாங்க. கையில எடுத்துட்டுப் பறக்குறதுன்னாலும் பர்மிட்டு கேப்பான். விமான நிலையத்துல உன் இருபது லட்சத்தை ஒரு ஆபீசர் மடியில வச்சுத் தடவிப் பாத்துக்கிட்டிருப்பாரு, நீ வெளியில பார்ம் எழுதிக்கிட்டிருப்ப. பிரேசில் மரம் அரிதாகவும் கிட்டார்க் கம்பெனிக நம்ம ஊரு ஈட்டி மரத்துப் பக்கம் திரும்பிட்டானுக. நம்ம மலைக்காட்டு மரம் போட்டது மட்டம், பிரேசில் மரம் போட்டது ஒசத்தின்னு அவன் சொல்லுவான். நீயும் தலையாட்டு.

சரி, கேலி போதும். அங்க போயி இப்படிக் கேளு: "இதே வருசம், நெக்கு நேரா இருக்கணும், அதை நேராக்குற ட்ரஸ் ராட் வேலை செய்யணும், பிக்கப் நல்லா இருக்கணும். ஆனா பெயின்ட் மாத்துனது, ட்யூனர் மாத்துனது, எவனோ இருபது வருசம் பாருல வாசிச்சுத் தோலுரிச்சது இருக்கா?" கேட்டுட்டு வாயை மூடிக்க. மொதல்ல பேசுறவன் தோத்தான். அவன் உள்ள போயி ஓரத்துல கெடக்குறதை எடுத்துட்டு வருவான், மன்னிப்புக் கேக்குற குரல்ல விலை சொல்லுவான், பாதிக்கும் கீழ. நீ அதை மடியில வச்சு நாலு பாட்டுல ஒண்ணை வாசி. பன்னெண்டாவது ஃப்ரெட் வரைக்கும் ஒவ்வொரு இடமாத் தொட்டுப் பாரு, எங்கயாவது செத்த சத்தம் வந்தா அதுக்கும் கொஞ்சம் எறக்கச் சொல்லு. மிச்சப் பணத்துல ஒரு நல்ல ஆம்ப் வாங்கு, முதுகு வலிக்கு அகலமான பெல்ட்டு வாங்கு.

தரகுக் காசெல்லாம் நமக்குள்ள வேண்டாம். லா பெல்லா ஃப்ளாட்வௌண்ட் ஸ்ட்ரிங் ஒரு செட்டு மட்டும் எனக்கு அனுப்பி வையி. கல்கத்தா கட்டை இன்னும் பரண்லதான் கெடக்கு. ஜேமர்சன் கணக்குக்கு ஒரு செட்டு எனக்குப் பத்தும், அடுத்து வர்ற உன் பேரனுக்கும் பத்தும்.