ஆவணியில வந்த தீவாளி

ஏன்டா கண்ணு, செல்போன்ல 'ஆடித் தள்ளுபடி, கடைசி மூணு நாள்'னு வந்துருச்சுன்னு இந்தப் பறப்புப் பறக்கறியே, இன்னிக்கு ஆனி இருவதுடா. ஆடித் தள்ளுபடிக்கு ஆனியிலயே கடைசி நாள் வந்துருச்சுன்னா, ஆடி பொறக்கறப்போ அவன் என்னத்தத் தள்ளுவான், கடையவா? ஆடிக்காத்துல அம்மி பறக்கும்பாங்க. உன்ற பர்சு ஆனியிலயே பறக்குது.

உக்காரு. உக்கடம் பஸ்ஸு அஞ்சு நிமிசத்துக்கொண்ணு போகுது. அப்பாரு சொல்றதக் கேட்டுப்போட்டுப் போ.

ஆடித் தள்ளுபடிய நான் கொறை சொல்லல. அது நாயமான யாவாரம். ஆடியில கண்ணாலம் காச்சி கெடையாது. காட்டுக்காரன் கையில இருக்கற காசெல்லாம் வெதைக்கும் ஏருக்கும் போயிரும். ஒப்பணக்கார வீதியில கடைக்காரன் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். சரி, பழைய துணியக் கொறைச்சு வித்துப்போட்டாத் தீவாளிச் சரக்குக்கு எடமாச்சும் ஆகும்னு ஆரம்பிச்சான். அந்தப் புத்திசாலித்தனத்துக்கு ஒரு கும்பிடு போடலாம். இப்போ ஆடி ஆனிக்கு வந்துருச்சு, தீவாளி ஆவணிக்கு வந்துருச்சு. இன்னும் நாலு வருசம் போனா, இந்த வருசத் தீவாளியப் போன வருசமே கொண்டாடியிருப்போம்.

எங்க காலத்துல தீவாளி எப்ப வரும்னு பஞ்சாங்கம் பாக்கறதில்ல, தையக்காரன் மூஞ்சியப் பாத்தாத் தெரியும். 'நாளைக்கு வா'ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னா இன்னும் பத்து நாள் கெடக்குது. 'நாளைக்கு வாடா'ன்னு எரிஞ்சு உழுந்தா நாளன்னிக்குத் தீவாளி. எங்கய்யன் ஒரே பீசுல துணி எடுத்துப்போடுவாரு. அண்ணன், தம்பி, நானு, எல்லாருக்கும் ஒரே கோடு போட்ட சட்டை, பேண்டு வாத்தியக்காரனாட்டம். மொதநாள் ராத்திரி பதினோரு மணிக்கு அவன் கட முன்னால காவலிருந்து, காஜா எடுத்தும் எடுக்காமலும் வாங்கீட்டு வருவோம். அந்தச் சட்டைக்கு ஒரு வாசம் இருந்துச்சு பாரு. இப்போ உன்ற அலமாரியத் தெறந்தா அட்டைப்பொட்டி வாசந்தான் வருது.

போன வருசம் நடந்ததக் கேளு. தீவாளி அக்டோபர் 20. ஆவணி பொறந்து மூணாம் நாளே உன்ற ஆத்தா என்னயத் தாட்டி உட்டா, கூட்டத்துக்கு முன்னால ஒரு வேட்டி எடுத்துட்டு வந்துருங்கன்னு. கோயமுத்தூர்ல ஒரு பெரிய கட. பேரு வேண்டாம், நீயும் அங்கதான் ஓடறே. வாசல்லயே காகிதத்துல செஞ்ச சங்குசக்கரம் தொங்குது, மத்தாப்பூ தொங்குது. மேனேசர் கையெடுத்துக் கும்புட்டாரு.

"வாங்கய்யா, தீவாளிப் புது வரவு வந்துருச்சுங்க."

"அப்படீங்களா, தீவாளி வந்துருச்சுங்களா?"

"வந்துருச்சுங்கய்யா."

எட்டுமொழ வேட்டி ஒண்ணு எடுத்தேன். பில்லப் போட்டாங்க, பையக் குடுத்தாங்க. நான் நகரல.

"ஏனுங், வருசாவருசம் ஒரு பலகாரப் பொட்டி குடுப்பீங்களே?"

"அது தீவாளிக்குத்தானுங்கய்யா குடுப்போம்."

"அப்போத் தீவாளி இன்னும் வரலீங்களா?"

அந்த மனுசன் சங்குசக்கரத்தப் பாக்கறாரு, என்னயப் பாக்கறாரு. கவுண்ட்டர்ல நின்ன புள்ள ஒரு துண்ட எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டுச் சிரிச்சுது.

பெருமையா வந்தேன்டா. அந்தப் பெருமை பொரட்டாசி முடியறவரைக்குங்கூட நிக்கல. வடக்காலத் தோட்டத்துல ஒரு எழவு. பொட்டியத் தெறந்தா மேலாக இருந்தது புது வேட்டி. அவசரத்துல எடுத்துக் கட்டீட்டுப் போயிட்டேன். தீவாளி வேட்டி சுடுகாட்டு மண்ணுலதான் மொதல்ல பொரண்டுச்சு. ஆத்தா பேசுனத உங்கிட்டச் சொல்ல முடியாது.

நம்ம நோம்பிதான் இப்படின்னு நெனைக்காத. மேக்கால வீதி டீச்சரம்மா இருக்காங்களே, அவங்களுக்கு என்னய உட எரிச்சல் எச்சு. "ஏனுங்க, எங்களுக்கு டிசம்பர் 25க்கு முன்னால நாலு ஞாயித்துக்கெழம காத்திருக்கற காலமுங்க. சாமியாரு ஊதா அங்கி போட்டுக்குவாரு. 'உன்னதங்களிலே'ங்கற பாட்டக்கூட அந்த நாலு வாரம் ஞாயித்துக்கெழமப் பூசையில பாடறதில்ல, பொறந்தப்பறம் பாடோணும்னு அடக்கி வெச்சிருப்போம்"ங்கறாங்க. கோயில்ல அடக்கி வெச்ச பாட்டுக்குக் கடையில நவம்பர்லயே ஸ்பீக்கர் கட்டீர்றான். பெரிய ஓட்டல்ல அதுக்கும் முன்னாலயே கேக்குக்குப் பழம் ஊறப்போடறாங்க. ஊறப்போடறது தப்பில்ல, ஆவக்கா மாங்காயே ஊறித்தான் ஆகோணும். ஆனா வெள்ளக் குல்லாயும் கையொறையும் போட்டு, முந்திரி மேல சாராயத்த ஊத்தறப்போ போட்டோ எடுத்துப் பேப்பர்ல போடறாங்களே, நம்மூட்டு ஊறுகாச் சாடிய என்னிக்காச்சும் ஒருத்தன் போட்டோ எடுத்தானா? இதுல டீச்சரம்மாவுக்கு வேற ஒரு ஆத்தாமை. 25ந் தேதி பண்டிகை ஆரம்பமாகி, மூணு ராசா திருநாள் வரைக்கும் அவங்களுக்கு நடக்குது. கடைக்காரன் 26ந் தேதி காத்தாலயே நட்சத்திரத்தக் கழட்டிப்போட்டுப் பொங்கப்பானைப் படத்த ஒட்டீர்றான்.

அமெரிக்காவுல நடந்த கூத்து ஒண்ணும் டீச்சரம்மாதான் சொன்னாங்க. அங்க அப்போ நவம்பர் கடைசி வியாழக்கெழம நன்றி சொல்ற நோம்பி ஒண்ணு, அது முடிஞ்சாத்தான் கிறிஸ்மஸ் யாவாரம் சூடு புடிக்குமாமா. 1939ல அது 30ந் தேதி உழுந்துச்சு. யாவாரத்துக்கு நாள் பத்தாதுன்னு கடைக்காரனெல்லாம் அழுதான். அதிபர் ரூஸ்வெல்ட்டு நோம்பியவே ஒரு வாரம் முன்னால கொண்டாந்துட்டாரு. பாதி மாகாணம் 23ங்குது, மீதி போடா, எங்களுக்கு 30தாங்குது. ரெண்டு நாளும் லீவு உட்ட எடமும் உண்டு. அப்பறம் 1941ல நாலாவது வியாழன்னு சட்டம் போட்டு முடிச்சாங்க. இதுல எனக்குப் புடிச்சது எது தெரியுமா? அந்தக் கடைக்காரன் அதிபர்கிட்டப் போயி ஒரு வார்த்த கேட்டான்டா. நம்மாளு பஞ்சாங்கத்தக்கூடக் கேக்கறதில்ல.

அதனால உனக்கு ரோசனை சொல்றேன். நீயும் காலத்துக்குத் தக்கன பொழைச்சுக்கோ. பொங்கக் காப்ப இந்த ஆனியிலயே கட்டீரு. மார்கழிப் பனியில பூக்கற பூளப்பூ இப்போ எங்க கெடைக்கும்னு கேட்டா, முன்பதிவுன்னு சொல்லு. நம்ம பொன்மலை முருகனுக்குத் தைப்பூசத் தேர வர்ற வாரமே இழுத்துப்போடலாம், கூட்டமே இருக்காது. நம்மூரு மார்க்கெட்டுல தக்காளியப் பச்சையாவே கேரளாவுக்கு லாரி ஏத்தறான், தூரம் போகோணும், சரி. நீ ஊட்டுக் கொழம்புக்கும் பச்சையாவே பறி. ஒரு சங்கதி மட்டும் என்ற மண்டைக்கு ஏற மாட்டேங்குது. சுப்ரீம் கோர்ட்டு 2018ல சொன்னப்பறம், நம்மூருல பட்டாசு வெடிக்கறதுக்குக் காத்தால ஆறுல இருந்து ஏழு, சாய்ங்காலம் ஏழுல இருந்து எட்டு. ரெண்டு மணி நேரத் தீவாளிக்கு ரெண்டு மாச விளம்பரம்.

சிரிக்காத, மிச்சத்தக் கேளு. எழவுக்குக் கட்டுன வேட்டியத் தீவாளிக்குக் கட்டக்கூடாதுன்னு ஆத்தா மறுபடி தாட்டி உட்டா, மொதநாள் சாய்ங்காலம். அதே கட. உள்ள போறதுக்கே முக்கா மணி நேரம். அதே புள்ள நின்னுக்கிட்டிருந்துச்சு.

"அந்த வேட்டி என்னாச்சுங் தாத்தா?"

"எலி கடிச்சுப்போடுச்சு அம்மிணி."

துணிக்கடைப் புள்ளைக உக்கார நாற்காலி போடோணும்னு 2021ல சட்டமே வந்துச்சு. நாற்காலி இருந்துச்சு, இல்லைன்னு சொல்லல. அதுமேல இடுப்பு ஒசரத்துக்குச் சுடிதார் அடுக்கியிருந்தாங்க. தீவாளிக்கு ஊருக்குப் போகலியான்னு கேட்டேன். கட சாத்த ரெண்டு மணி ஆயிருமுங்க, ஊரு தேனிக்கு அக்கட்ட, போயிச் சேர்றதுக்குள்ள தீவாளி முடிஞ்சிருமுங்கன்னு சொல்லிக்கிட்டே வேட்டிய மடிச்சுது. அப்பறம் குனிஞ்சு கவுண்ட்டருக்குள்ள இருந்து ஒரு பொட்டிய எடுத்துப் பையில வெச்சுது.

"நீங்க கேட்டீங்கல்லங் தாத்தா."

நையாண்டி பண்றாளோன்னு மூஞ்சியப் பாத்தேன். இல்லடா.

அந்தா பஸ்ஸு வருது, போ. எனக்கு வேட்டி எடுத்துட்டு வந்துராத. அந்தக் கவுண்ட்டர்ல அந்தப் புள்ள நின்னுதுன்னா, எலி கடிச்ச தாத்தா கேட்டாருன்னு சொல்லு.