சுவாமியின் ஆட்டம்

வன்னிக் கரையில் எங்கள் ஊரிலிருந்த கத்தோலிக்கச் சுவாமிமாரின் ஆண்பிள்ளைப் பள்ளிக்கூடம் 1960இல் அரசாங்கத்திடம் போனபோது எங்கள் அப்பு சந்தோசப்பட்டார். சைவ வீட்டுப் பிள்ளை ஞானோபதேசம் பாடமாக்குவது அவருக்கு நெடுநாள் எரிச்சல். "இனிச் சுவாமியின்ரை ஆட்டம் முடிஞ்சுது" என்றார்.

பள்ளிகளை எடுத்தது சிறிமாவோ அரசின் 5ஆம் இலக்கச் சட்டம். டிசெம்பர் முதலாம் திகதி, உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளின் நிர்வாகம் கைமாறியது. தெற்கே கத்தோலிக்கப் பெற்றோர் பள்ளிகளுக்குள் புகுந்து குந்தியிருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து சமாதானம் பேசவேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் நடந்த ஒரே கலவரம், என் ஞானோபதேசப் புத்தகம் பரணுக்குப் போனது. சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் பள்ளிகளும் அதே சட்டத்தில்தான் போயின. அதைப் பற்றி அப்பு கதைக்கவில்லை.

பெரிய கல்லூரிகள் விரும்பினால் விலகி நிற்கலாம், ஆனால் கட்டணம் வாங்கக் கூடாது. 1850இல் தொடங்கிய யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரி அப்படி நின்றது. சின்னப் பள்ளிகளுக்கு அந்தத் தெரிவே இல்லை.

எங்கள் பள்ளியில் பிறகு என்ன மாறியது? அதே சட்டம்பியார், அதே பூவரசங்கம்பு. பெட்டையள் வந்து சேர்ந்தார்கள். அது முன்னேற்றந்தான், மறுக்கமாட்டேன். முன்பு கூரை ஒழுகினால் சுவாமி வண்டிலில் கிடுகு கொண்டுவந்து இறக்குவார். பிறகு கந்தோருக்குக் கடிதம் எழுதினோம். பதில் வருவதற்குள் மாரி முடிந்துவிடும். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு மட்டும் சைவம், வேதம் பாராமல் எல்லோரும் பள்ளிக்குக் கள்ளமடித்தோம். அதை எந்தச் சட்டமும் தொடவில்லை.

பள்ளிக் கட்டடத்தை முடித்துவைத்தது கடல். 2004 டிசெம்பர் 26 காலை, இராயப்பர் கோவிலோடு கரையை வழித்துக்கொண்டு போனது. 2009இல் மிஞ்சிய சனத்தைப் போர் துரத்தியது. பிள்ளைகள் செட்டிகுளம் முகாமில் தறப்பாளுக்குக் கீழே படித்தார்கள். திரும்பி வந்து பார்த்தால், வன்னியில் அரசாங்கப் பள்ளிகள் சிலவற்றின் பெயரில் இன்னும் 'றோ.க.த.க.' இருக்கிறது: றோமன் கத்தோலிக்கத் தமிழ்க் கலவன். சொத்து அரசுக்கு, பெயர் ரோமாபுரிக்கு.

இப்போது என் பேரனை யாழ்ப்பாணத்தில் சுவாமிமாரின் பள்ளி ஒன்றில் சேர்க்க மகன் அலைகிறான். பங்குச் சுவாமியின் கடிதம் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள்.

"அப்பா, நீங்கள் அவையளிட்டைப் படிச்சனீங்கள்தானே, ஒருக்கா வந்து கதையுங்கோ."

போனேன். சுவாமிக்கு முப்பது வயது இருக்கும். 1960 பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நல்ல காலம். "ஐயா, பழைய செபமெல்லாம் ஞாபகமிருக்கோ?" என்று பகிடியாய்க் கேட்டார்.

எல்லாவற்றையும் சொன்னேன், பிழையில்லாமல். கடிதம் அன்றைக்கே கிடைத்தது.