துரை வீட்டுப் புகைபோக்கி

தோட்டத்துப் பங்களா என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? குன்றின் உச்சி, நீண்ட விறாந்தை, வெட்டிவிட்ட புல்தரை, வெள்ளை உடுப்பில் தேநீர்த் தட்டோடு அப்பு. கண்டிக்கு அப்பால் லூல்கந்துரவில் அந்தத் தேநீர் பிறந்த லட்சணத்தைச் சொன்னால், அப்பு தட்டைக் கீழே போட்டுவிடுவார்.

ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துப் பையன் 1852இல் வந்தது கோப்பி பார்க்க. 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். கொழுந்து வந்தது, தொழிற்சாலை எங்கே? பங்களா விறாந்தைதான் தொழிற்சாலை! மேசையில் கொழுந்தைக் கொட்டி, மணிக்கட்டு முதல் முழங்கை வரை வைத்து உருட்டினார்கள். பிறகு மண் அடுப்பு, கரிநெருப்பு, கம்பித் தட்டு. முழங்கை நம்மாளுடையது, பெயர் துரையுடையது. 1872இல் உருட்ட யந்திரம் வந்து முழங்கைகளுக்கு விடுதலை கொடுத்தது. அடுத்த வருஷம் 23 இறாத்தல் தேயிலை லண்டனுக்குக் கப்பலேறியது. இதற்கிடையில் 1869இல் கோப்பி இலையில் பூஞ்சணம் விழுந்திருந்தது. கோப்பிக் கனவில் இருந்த மற்றத் துரைமாரும் மெல்ல மெல்லத் தேயிலைப் பக்கம் திரும்பினார்கள்.

டெய்லர் துரை குடியிருந்த மரவீட்டில் இன்று மிஞ்சியிருப்பது புகைபோக்கி. வீடில்லாத புகைபோக்கியோடு செல்பி எடுக்கச் சனம் மலையேறி வருகிறது. தொழிலாளர் லயத்தில் யாரும் செல்பி எடுப்பதில்லை. அங்கே பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராக்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவற்றில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. மலைநாட்டுக் கட்டடக்கலையின் அதிசயம் இது: துரைக்குக் கட்டியது விழுந்துவிட்டது, தொழிலாளிக்குக் கட்டியது ஒழுகிக்கொண்டே நிற்கிறது.

டெய்லர் நாற்பது வருஷத்தில் எடுத்த ஒரே லீவு 1874இல். போனது டார்ஜிலிங், அங்கும் தேயிலை பார்க்கத்தான்! அப்படிப்பட்ட மனுஷனை 1892இல் தோட்ட முதலாளிமார் வெளியே போகச் சொன்னார்கள். போக மாட்டேன் என்று இருந்தவரை அந்த வருஷம் மே மாதமே வயிற்றுக்கடுப்பு கொண்டுபோனது.

ஆள் 246 இறாத்தல். கண்டி மஹய்யாவ மயானத்துக்குத் தூக்கிப் போனது 24 பேர். பன்னிரண்டு பன்னிரண்டாக இரண்டு செட், நாலு மைலுக்கு ஒருதரம் தோள் மாற்றம். 'சாமி துரை' என்று அழைத்தபடி பின்னால் ஒரு கூட்டம் நடந்து போனது. கணக்கப்பிள்ளை அன்றைக்குச் செக்ரோலில் எல்லாருக்கும் முழுப்பேர் போட்டிருந்தால் சரி.