திருடனுக்கும் ஒரு படிவம்

அமெரிக்க வருமான வரித்துறை ஒழுக்கம் பார்ப்பதில்லை, வரும்படி பார்க்கும். திருடிய பொருளின் மதிப்பையும் வருமானமாகக் காட்டச் சொல்கிறது அதன் கையேடு. அதே ஆண்டுக்குள் உரியவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டால் விலக்கு உண்டாம்! வாங்கிய லஞ்சத்துக்கும் வரி உண்டு. எந்தக் கொலை வழக்கிலும் சிக்காத நிழலுலக தாதா அல் கபோனுக்கு 1931-இல் 11 ஆண்டு சிறை வாங்கிக் கொடுத்ததும் வரிக் கணக்குதான்.

சரி, வரி கட்டும் போதைப்பொருள் வியாபாரி தொழில் செலவைக் கழிக்கலாமா? மின்னியாபொலிஸ்காரர் ஒருவர் கேட்டே விட்டார். தராசு, தொலைபேசி, விமான டிக்கெட், வீட்டு வாடகையில் மூன்றில் ஒரு பங்கு... 1981-இல் வரி நீதிமன்றம் எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. பதறிப்போன அமெரிக்க காங்கிரஸ் மறு ஆண்டே 280ஈ பிரிவைக் கொண்டுவந்தது: வரி உண்டு, கழிவு கிடையாது. சரக்கின் அடக்க விலையில் மட்டும் கொஞ்சம் கருணை.

அதில் வசமாக மாட்டியவர்கள் கடத்தல்காரர்கள் அல்லர் (அவர்கள் எந்தக் காலத்தில் கணக்குக் காட்டினார்கள்?). பின்னாளில் மாநில அரசிடம் உரிமம் வாங்கி, பெயர்ப்பலகை வைத்துக் கஞ்சா விற்றவர்கள்தான்; மத்திய சட்டத்தின் கண்ணில் அவர்களும் போதைப்பொருள் வியாபாரிகளாகவே இருந்தார்கள். கடை வாடகை, ஆள் சம்பளம் எதையும் கழிக்க வழியின்றி, நட்டத்தில் ஓடிய கடைகூட லாபத்துக்கான வரியைக் கட்டியது.